ஒரே விசிறிக்கு இரண்டு போர்டு

சுவிட்சைப் போட்டதும் வந்த சத்தம் ஒன்றும் பெரிதல்ல. நகம் வெட்டும்போது வருமே, அந்த அளவுதான். ஆனால் இரண்டு தடவை கேட்டது. டிக், உடனே இன்னொரு டிக். அதற்குப் பின்னாலேயே ஒரு வாசனை வந்தது. முப்பது வருஷமாக மின்சாரத்தோடு குடித்தனம் நடத்துகிற லிஃப்ட்காரருக்கு அது என்ன வாசனை என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கை தானாகப் போய் சுவிட்சை அணைத்துவிட்டது. திறந்த பீரோவுக்கு முன்னால் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மனைவி தன் தங்கையோடு நடக்கப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. நல்லவேளை, அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க ஆள் இல்லை.

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதினோரு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் ஓடின. அங்கே குடியிருக்கிறவர்கள், வாட்ச்மேன்கள், எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். நல்ல வேலைக்காரர். கூடவே நல்ல வாயாடி. லிஃப்ட் மோட்டாருக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு கீழே நிற்கிறவரிடம் ஊர்க்கதை பேசுவார். கதை முடிகிறபோது வேலையும் முடிந்திருக்கும். எந்த வயர் எந்த இடத்துக்கு என்று அவர் வயரிங் படம் பார்த்து யாரும் கண்டதில்லை. கேட்டால் சிரிப்பார்.

"தப்பான ப்ளக் தப்பான ஓட்டையில நுழையவே நுழையாது சார். செஞ்சவன் அப்படித்தான் செஞ்சிருப்பான். நுழைஞ்சிடுச்சா, அதுதான் அதோட இடம்."

லிஃப்ட் பெட்டிகளைப் பொறுத்தவரை அது உண்மை. அங்கே ஒவ்வொரு ப்ளக்குக்கும் தனி உருவம். முப்பது வருஷத்தில் அந்த நம்பிக்கை அவரை ஒரு தடவைகூடக் கவிழ்த்ததில்லை. கவிழ்த்த ஒரே தடவை இதுதான். எங்கே வந்து கவிழ்த்தது பாருங்கள்.

மனைவி பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். அவரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், பாதி மரியாதை, பாதி கிண்டல். பார்வையில்லாத பிள்ளைகள் கேட்டுப் படிப்பதற்காகப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அவர்களுடைய மையத்துக்குத் தருகிற வேலையை அவள் நாலு வருஷமாகச் செய்துவந்தாள். சம்பளமில்லாத வேலை. ஆனால் பள்ளிக்கூட வேலையைவிட அதற்குத்தான் அதிகம் மெனக்கெடுவாள். வீட்டின் சின்ன அறையில் நாலு சுவரிலும் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மைக்கின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஒரு கம்ப்யூட்டர் அவள் குரலைப் பதிவு செய்யும். இன்னொரு கம்ப்யூட்டரில் லிஃப்ட்காரர் அதைக் கேட்டு, இருமலை வெட்டி, தடுமாற்றத்தை வெட்டி, சுத்தமாக்கித் தருவார்.

ஆரம்பித்த புதிதில் ஒருநாள் அவள் அறையைவிட்டு வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, என் குரலுக்குப் பின்னாடி ஒரு வண்டு உட்கார்ந்திருக்கு. அதைப் பிடிச்சு வெளிய விடுங்க."

கேட்டுப் பார்த்தார். வண்டு உண்மைதான். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற சப்ளை பெட்டிக்குள் ஒரு விசிறி உண்டு. இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு சப்ளை, இரண்டு விசிறி. அவர் இரண்டு கம்ப்யூட்டரையும் உரித்துப் போட்டார். கம்ப்யூட்டரின் மூளையான மதர்போர்டுகள் இரண்டையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் திருகி இறுக்கினார். பலகையை நடையில் இருந்த இரும்பு பீரோவுக்குள் நிறுத்தினார். சத்தமே போடாத, மெதுவாகச் சுற்றுகிற பெரிய விசிறி வைத்த ஒரே ஒரு சப்ளையை வாங்கி, இரண்டாகக் கிளை பிரிகிற வயரால் இரண்டு போர்டுக்கும் அதிலிருந்தே உயிர் கொடுத்தார். பதிவுகளைச் சேமித்து வைக்கிற, உள்ளே சுற்றுகிற பழைய டிஸ்குகளையும் கழற்றிவிட்டு, சுற்றாத டிஸ்காக ஒவ்வொரு போர்டுக்கும் ஒன்று வைத்தார். இரண்டு டிஸ்குக்கும் போகிற வயரை மெழுகு நூலால் முடிச்சுப் போட்டு, பலகையோடு பலகையாக வரிசையாகக் கட்டினார். லிஃப்ட்காரன் கட்டிய கட்டு என்று பார்த்தாலே தெரியும்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு சப்ளையில ரெண்டு போர்டா? அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா ரெண்டும் சேர்ந்து படுத்துக்கும் சார்."

"அதுக்குத்தான் ரெண்டு டிஸ்க்லயும் ஒரே மாதிரி காப்பி வைக்கிறேன். ஒன்னு போனா இன்னொன்னு இருக்கும்ல?"

கடைக்காரர் தலையை ஆட்டினார். அந்த இரண்டு டிஸ்கும் ஒரே வயரில் தொங்குகின்றன என்பது அன்றைக்கு அவருக்கும் உறைக்கவில்லை, இவருக்கும் உறைக்கவில்லை.

அந்த ஏற்பாட்டில் ஒரு வேடிக்கை இருந்தது. யார் எந்த போர்டைப் போட்டாலும் சப்ளை எழுந்துகொள்ளும். இரண்டு பேரும் தங்கள் தங்கள் போர்டை அணைத்தால்தான் விசிறி நிற்கும். "நான் முடிச்சிட்டேன், நீங்க?" என்று அவள் உள்ளேயிருந்து கேட்பதும், "அஞ்சு நிமிஷம் டீச்சர்" என்று இவர் நடையிலிருந்து சொல்வதும், அந்த அஞ்சு நிமிஷம் முக்கால் மணி ஆவதும், அதற்கு அவள் திட்டுவதுமாக நாலு வருஷம் ஓடியது.

வாசிக்கும்போது தடுக்கினால் அவள் பதிவை நிறுத்தமாட்டாள். அங்கேயே இவரைப் பிடித்துக்கொள்வாள். "இந்த ஆற்றின் துணையாறுகள்... ஏங்க, குக்கர் கத்துதே காதுல விழலையா?" "விழுது, விழுது." "விழுதுன்னா எழுந்து போங்களேன். உட்கார்ந்த இடத்துல வேர் விட்டுட்டீங்களா?" "வேர் விட்டா தண்ணி நீதான் ஊத்தணும்." பிறகு அவள் சிரிப்பு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல, "இந்த ஆற்றின் துணையாறுகள் மூன்று."

நடுவில் பதிவான இரண்டு பேர் பேச்சையும் இவர் வெட்டி எடுப்பார். ஆனால் தூக்கி எறியமாட்டார்.

"அந்தக் குப்பையெல்லாம் அழிச்சிட்டீங்கல்ல? யாராவது கேட்டா மானம் போயிடும்."

"அப்பவே அழிச்சாச்சு."

பச்சைப் பொய். எல்லாத் துண்டுகளையும் 'லிஃப்ட் வயரிங் படம்' என்று பெயர் வைத்த ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தார். அந்தப் பெயரைப் பார்த்தால் அவள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள் என்று அவருக்கு ஒரு கணக்கு. ஏன் சேர்த்து வைத்தார் என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. தூக்கிப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் அவள் குரல் கம்மியது. சாக்பீஸ் தூள் என்றாள். மூன்று மாதம் சாக்பீஸ் மேலேயே பழியைப் போட்டுவிட்டுக் கடைசியில் மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் சுற்றி வளைக்காத மனுஷர். குரல்வளையை எடுத்தாக வேண்டும், எடுத்தால் பிழைத்துக்கொள்வார், பேச்சு திரும்பாது என்றார். லிஃப்ட்காரருக்குக் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. "எப்ப திரும்பும்?" என்று கேட்டார். டாக்டர் அதே வாக்கியத்தை மறுபடி சொன்னார். இவர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். மூன்றாம் தடவை அவள்தான் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

எட்டு மாதம் ஆகிறது. கழுத்தில் ஒரு சின்ன ஓட்டை வழியாக அவள் மூச்சு விடுகிறாள். கைக்கடக்கமான ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும் எப்போதும் அவளோடு இருக்கும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நூலகத்தில் வேலை கொடுத்தார்கள். தைரியசாலி, அழுது யாரும் பார்த்ததில்லை.

லிஃப்ட்காரர்தான் மாறிப்போனார். வெளியே அதே வாயாடிதான், அதே ஊர்க்கதைதான். ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாயையும் கழற்றி வைத்துவிடுவார். அவளால் முடியாத ஒன்றை அவள் கண் முன்னால் எப்படிச் செய்வது? பசித்திருப்பவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல அவருக்குக் கூசியது. அதனால் அவரும் கைஜாடை காட்டுவார். ஜாடை போதாவிட்டால் அவளுடைய பலகையையே வாங்கி எழுதிக் காட்டுவார். தன் பங்குக்கு ஒரு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரி ஒருநாள் அவருக்கும் தொண்டையில் ஏதாவதா என்று மனைவியின் தங்கையிடம் இரகசியமாக விசாரித்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நடக்கப் போகிற ஒரு மணி நேரம் மட்டும் அவர் பீரோவைத் திறப்பார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு 'லிஃப்ட் வயரிங் படம்' ஃபோல்டருக்குள் போய்விடுவார். அவள் திட்டுவாள், இவர் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் என்று ஆகிவிட்டது.

அப்படி இருக்கையில் சப்ளை கிழடு தட்டிவிட்டது. விசிறி கிடுகிடுத்தது, நடுநடுவே தானாக அணைந்தது. புதிது வாங்கினார். பழையதைப் போலவே பின்பக்கம் வயர்களைத் தனித்தனியாகச் சொருகுகிற வகைதான், ஆனால் வேறு கம்பெனி. போர்டுகளுக்குப் போகிற பெரிய வயர்களைப் புதியதோடு வந்தவற்றால் மாற்றினார். டிஸ்க் வயரை மட்டும் மாற்றவில்லை. மெழுகு நூலால் அவ்வளவு அழகாகக் கட்டியதை யாருக்கு அவிழ்க்க மனசு வரும்? பழைய வயரின் நுனியை எடுத்துப் புதிய சப்ளையின் ஓட்டையில் வைத்து அழுத்தினார். அதே ஆறு கால், அதே வடிவம். டக்கென்று போய் உட்கார்ந்தது. அவருக்கு அது போதும்.

அந்த இரண்டு டிக்குக்குப் பிறகு தரையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கப் பத்து நிமிஷம் ஆனது. டிஸ்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, மீட்டரை எடுத்து வயரின் நுனியில் வைத்துப் பார்த்தார். ஐந்து வோல்ட் வரவேண்டிய கம்பியில் பன்னிரண்டு வோல்ட் நின்றது. மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தார். பன்னிரண்டுதான். ஓட்டையின் வடிவத்தை எல்லாக் கம்பெனிக்காரனும் ஒரே மாதிரி வைத்துவிட்டு, உள்ளே எந்தக் காலில் எந்த வோல்ட் என்பதை அவனவன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறான். இப்படியும் செய்வார்களா? போர்டுகள் இரண்டும் நன்றாக இருந்தன. டிஸ்க் எங்கே, டிஸ்க் எங்கே என்று இரண்டு திரையிலும் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று என்று அவர் வைத்திருந்த இரண்டும் ஒரே நொடியில், ஒரே வயரில் போய்ச் சேர்ந்துவிட்டன.

மறுநாள் அழிந்துபோன டிஸ்குகளைப் பிழைக்க வைக்கிற கடைக்கு எடுத்துப்போனார். அங்கே இருந்த பெண் பூதக்கண்ணாடி வழியாக இரண்டையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பழைய மாதிரி சுத்துற டிஸ்கா இருந்தா ஏதாவது செய்யலாம் சார். இதுல எல்லாமே சிப்தான். அந்த சிப்பே வெந்து போச்சு."

"ரெண்டுலயுமா? நல்லாப் பாரும்மா. ஒன்னுலயாவது..."

"ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் போயிருக்கு. முக்கியமானதா உள்ள?"

"ஒன்னுமில்ல. லிஃப்ட் வயரிங் படம்" என்றார். சொல்லிவிட்டுக் கடைவாசலில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் நின்றார்.

வீட்டுக்கு வந்து அவள் கையிலிருந்த பலகையை வாங்கி எழுதிக் காட்டினார். டிஸ்க் இரண்டும் போய்விட்டது. என் தப்பு. அவள் முகம் வெளுத்தது. பலகையை வாங்கி, 'பாடம்?' என்று மட்டும் எழுதினாள். பாடமெல்லாம் பிள்ளைகளின் மையத்தில் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள் என்று எழுதினார். அவள் கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பாடம் பிழைத்துவிட்டது, அது போதும் அவளுக்கு என்று இவர் நினைத்துக்கொண்டார். தன் நஷ்டம் தன்னோடு. அழித்துவிட்டேன் என்று எப்போதோ பொய் சொன்னதை அழிந்துவிட்டது என்று இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

மையத்திலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு பாடங்களும் ஒரு பென்டிரைவில் வந்து சேர்ந்தன. புது டிஸ்குகள் போட்டு, சரியான வயர் போட்டு, பாடங்களை ஏற்றி, ஒன்றைக் கேட்டார். பூமியின் உள்ளடுக்குகள். அவளேதான், அதே தெளிவு, அதே நிதானம். மேலோடு, கவசம், கருவம். ஒரு பிசிறு கிடையாது. எல்லாப் பிசிறையும் வெட்டியவர் அவர்தானே. இருநூற்றுப் பன்னிரண்டு பாடத்திலும் ஒரு வார்த்தைகூட அவரைப் பார்த்துச் சொன்னது இல்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம். மீட்டரை வீட்டில் மறந்துவிட்டதால் எடுத்துப் போக வந்தார். கதவைத் திறந்தபோது பீரோவுக்குள் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நூலகத்தில் அரைநாள்தான் வேலை என்பதால் அவள் மத்தியானத்தில் வீட்டில் இருப்பாள் என்பது தெரியும். அவள் கம்ப்யூட்டரைத் தொடுவாள் என்பது தெரியாது. அவளுக்கு இனி அதில் என்ன வேலை?

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஹெட்ஃபோன் கழுத்தில் கிடந்தது. திரையில் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறப்பதும் மூடுவதுமாக எதையோ தேடிக்கொண்டிருந்தாள். காலடி கேட்டுத் திரும்பினாள். மாட்டிக்கொண்டவள் முகம். பிறகு என்ன நினைத்தாளோ, பலகையை எடுத்து எழுதி அவர் பக்கம் திருப்பினாள்.

'லிஃப்ட் வயரிங் படம் எங்க?'

இன்னொரு தடவை படித்தார். அந்தப் பெயரேதான். மார்க்கருக்காகக் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவர் இன்னும் நீட்டினார். அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, பலகையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, 'வாயால' என்று எழுதினாள்.

"போயிடுச்சு" என்றார்.

அந்த வீட்டில் எட்டு மாதமாகப் புழங்காத குரல். அவருக்கே அது யாருடையதோ போல இருந்தது.

"ரெண்டுலயும் போயிடுச்சு, டீச்சர். பொருந்துச்சேன்னு சொருகிட்டேன். நான்தான்... அழிச்சிட்டேன்னு உன்கிட்ட சொன்னது பொய். ஒன்னு விடாம வச்சிருந்தேன். உனக்கு அது எப்படித் தெரியும்?"

வேகவேகமாக எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. 'ஆப்பரேஷன் முடிஞ்சு வந்த மாசமே பாத்துட்டேன். தினம் மத்தியானம் கேப்பேன்.'

தினம். அவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம். அவளுக்கு ஒவ்வொரு மத்தியானமும். அதே நாற்காலி, அதே ஹெட்ஃபோன். அவர் தன்னுடைய நஷ்டம் என்று ஒளித்து வைத்துக்கொண்டு திரிந்தது அவளுடையதை. பீரோ கதவைப் பிடித்துக்கொண்டார்.

"உன் குரலை... உன் குரலை நானே என் கையால..."

அவள் தலையைப் பலமாக ஆட்டினாள். இல்லை, இல்லை என்று கையையும் ஆட்டினாள். பலகையைத் துடைத்தாள்.

'என் குரல் எப்படின்னு எனக்குத் தெரியாதா? அதுல நீங்க பதில் சொல்வீங்க. அதைக் கேக்கத்தான் உட்காருவேன்.'

அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அவர் முகத்தில் ஏறவில்லை என்று தெரிந்ததும், வகுப்பில் மந்தமான பிள்ளைக்கு எழுதிக் காட்டுவதுபோல, பெரிய எழுத்தில், நிதானமாக, ஒரே ஒரு வரி எழுதினாள். எழுதும்போது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா, திட்டுகிறாளா என்று சத்தமில்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? பலகையை அவர் மார்பிலேயே வைத்து அழுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

'ஆப்பரேஷன் எனக்கு மட்டும்தானே நடந்துச்சு?'